பொருள்: இரத்தம் ஆக்சிஜன் பெறுவதைக் குறிக்க, 'ஆக்சிஜனேற்றம்' அல்லாத வேறு சொல் வேண்டும்

மதுரையிலிருந்து:
வணக்கம். செவிலியர் மாணவிகளுக்கான தமிழ்க் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நுரையீரல் நுண்ணறைக்கு வரும் ஆக்சிஜன், ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்கூட இல்லாத சுவரைத் தாண்டி இரத்தத்தில் கலக்கிறது. அங்கே ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்று நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகள் வரை பிடித்துக்கொண்டு போய், திசுக்களில் விடுகிறது. இதை 'ஆக்சிஜனேற்றம்' என்று எழுதியிருந்தேன். ஆனால் வேதியியல் பாடநூலில் அந்தச் சொல்லுக்கு எலக்ட்ரானை இழத்தல் என்று பொருள். ஹீமோகுளோபினின் இரும்பு அப்படி எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் நிலைக்குப் போனால் அது மெட்ஹீமோகுளோபின். ஆக்சிஜனைச் சுமக்காது, இரத்தம் சாக்லேட் நிறமாகிவிடும். மாணவி எந்த ஏற்றத்தை நினைப்பாள்?

கோவையிலிருந்து:
'உயிர்வளியேற்றம்' என்று எழுதுங்கள் அம்மா. ஆக்சிஜன் என்ற பெயரே பிழையில் பிறந்தது. கிரேக்கத்தில் அதற்குப் புளிப்பை உண்டாக்குவது என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று நம்பி லவாய்சியர் வைத்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது அறவே இல்லை. நமக்கோ தொல்காப்பியம் ஐம்பூதத்தில் ஒன்றாக வளியைத் தந்திருக்கிறது.

சென்னையிலிருந்து:
ஐயா, 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்னும் குறளில் வளி வாதமாகிவிடுகிறதே. வார்டில் வளியேற்றம் என்றால் வென்டிலேட்டர் வேலை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நுரையீரலுக்குள் காற்று போவது வேறு, இரத்தம் ஆக்சிஜனைப் பெறுவது வேறு. நுரையீரல் தமனியை இரத்தக்கட்டி அடைத்த நோயாளிக்குக் காற்று உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும், ஆக்சிஜன் மட்டம் இறங்கும். கோவிட் நாட்களில் படிக்காத பாட்டிகூட 'ஆக்சிஜன் எவ்வளவு காட்டுது?' என்று கேட்டார். அந்தச் சொல்லைப் பிடுங்க வேண்டாம். 'ஆக்சிஜன் ஏற்பு' எப்படி? ஏற்றம் என்றால் யாரோ வெளியிலிருந்து ஏற்றுவதுபோல் இருக்கிறது. ஏற்பு 'ஏல்' என்னும் அடியிலிருந்து வருவது. ஹீமோகுளோபின் தானே ஏற்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்களுக்கு ஆக்சிஜன் 'ஒட்சிசன்', எலக்ட்ரான் இழப்பு 'ஒட்சியேற்றம்'. ஆகவே குருதிக்கு 'ஒட்சிசனேற்றம்' என்று பிரித்துவிடலாம், குழப்பமே இல்லை. தமனியை நாடி என்றும் சிரையை நாளம் என்றும் சொல்கிறோம். இரு கரைக்கும் பொதுவான பட்டியல் ஒன்று அவசியம் வேண்டும்.

கோவையிலிருந்து:
ஏற்பு சரி. ஆனால் பெயரெச்சமாக்கிப் பாருங்கள்: 'ஆக்சிஜன் ஏற்ற இரத்தம்'. ஏற்ற என்றால் பொருத்தமான என்றும் படிக்கலாம். 'உயிர்வளியேறிய இரத்தம்' என்றால் அந்தத் தொல்லை கிடையாது.

மதுரையிலிருந்து:
நியாயம்தான். பெயர்ச்சொல்லாக வரும் இடத்தில் 'ஆக்சிஜன் ஏற்பு', மற்ற இடத்தில் 'ஆக்சிஜன் மிகுந்த இரத்தம்' என்று போடுகிறேன். பெரும்பாலோர் இதற்கே சரி என்கிறார்கள், நேரமும் இல்லை. ஒட்சிசனையும் உயிர்வளியையும் கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

கோவையிலிருந்து:
கடைசிப் பக்கத்தில் போட்ட சொல் யார் வாயிலும் வராது அம்மா. என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள், அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன். அப்புறம், இரத்தம் கார்பன் டை ஆக்சைடை நுரையீரலில் விடுவதற்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?