11 வயது நாய்க்கு 86,000 ரூபாய் செலவழிக்கலாமா? 77 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

அடையாறு மல்லிகை:
மாதச் செலவு பற்றிய இழையில் குடந்தைக் கணக்கர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அங்கே பதில் சொன்னால் பால் விலை, மின்கட்டணப் பேச்சில் அமுங்கிவிடும் என்பதால் தனியாகத் தொடங்குகிறேன். அவர் எழுதியது இது: "11 வயது லாப்ரடாருக்கு டயாலிசிஸ் செய்து 86,000 ரூபாய் கரைத்தது மூடத்தனம். 11-ஐ 7-ஆல் பெருக்குங்கள், 77 வருகிறது. 77 வயதுப் பெரியவரே, 'போதும், என்னை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்' என்பார். நாய்க்கு 10,000 ரூபாய் வரம்பு. அதற்கு மேல் ஒரு காசு கூடாது."

அந்த நாய் என் புரூனோ. அந்தப் பணம் என் சம்பளம். யாரிடமும் கைநீட்டவில்லை, யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. புரூனோ இப்போது வீட்டில் இருக்கிறான், கஞ்சி குடிக்கிறான், வாசலில் பால்காரர் சத்தம் கேட்டால் எழுந்து போகிறான். அவனை 77 வயது என்று தள்ளிவைக்க இவர் யார்? அந்த ஏழால் பெருக்கும் கணக்கை யார் சொன்னார்கள்? எனக்குப் பதில் வேண்டும்.

குடந்தைக் கணக்கர்:
பதில் சொல்கிறேன் அம்மா. நாயின் ஒரு வயது மனிதருக்கு ஏழு வயது என்பது உலகம் அறிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் வாழ்நாள் முழுவதும் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். திரும்பி வராத இடத்தில் பணம் போடக்கூடாது என்று எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறேன். உங்கள் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. கணக்கைச் சொன்னேன். 11 பெருக்கல் 7, 77. இதில் எது தவறு?

இரவுப்பணியாளன்:
பெருக்கல் சரி ஐயா. வாய்ப்பாடு ஒப்பித்ததற்கு முழு மதிப்பெண். ஆனால் ஒரு வயது நாய் குட்டி போடும். ஏழு வயதுச் சிறுமி குழந்தை பெறுவாளா? முதல் படியிலேயே உங்கள் கணக்கு உடைகிறது. ஆஸ்திரேலியாவில் புளூயி என்ற மாடு மேய்க்கும் நாய் 29 ஆண்டு வாழ்ந்து 1939-இல் இறந்தது. ஏழால் பெருக்கினால் 203. கும்பகோணத்தில் 203 வயதுப் பெரியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மாலையோடு வருகிறேன்.

குடந்தைக் கணக்கர்:
விதிவிலக்கைக் காட்டி விதியை மறுக்கக்கூடாது தம்பி. உங்களுக்கு என்மேல் உள்ள கோபம் எனக்குத் தெரியும். அடுக்ககத்தில் நாய்களை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று நான் எழுதியபோதும் நீங்கள்தான் முதலில் பாய்ந்தீர்கள். 11 வயது லாப்ரடார் கிழட்டு நாயா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நாமக்கல் மாணவி:
கால்நடை மருத்துவம் படிக்கிறேன். வயதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. புரூனோவுக்கு வந்தது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பா, நாள்பட்ட சிறுநீரக நோயா? எலிக்காய்ச்சலாலோ, திராட்சை தின்றோ, மனிதருக்கான வலிமாத்திரையாலோ திடீரென்று வந்திருந்தால், டயாலிசிஸ் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும் நேரத்தில் சிறுநீரகம் தேறிக்கொள்ள வாய்ப்பு உண்டு. நாள்பட்ட நோயென்றால் செத்த திசு திரும்பாது. இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் உயர்ந்து தெரியும்போதே, சிறுநீரகத்தில் வேலை செய்யும் பகுதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு போயிருக்கும். செலவு செய்யலாமா என்பதை முடிவு செய்வது அந்த வேறுபாடுதான். சோதனை முடிவுகளை எழுத முடியுமா?

குடந்தைக் கணக்கர்:
நன்றாகப் படியுங்கள் அம்மா. "திரும்பாது" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். 77 வயதில் எது திரும்பும்?

இரவுப்பணியாளன்:
அந்தப் பெண் எழுதியதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத் துப்புகிறீர்கள். 2020-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட லாப்ரடார்களின் வயதோடு மாறும் டிஎன்ஏ குறிகளை மனிதருடையதோடு ஒப்பிட்டுப் புதிய சூத்திரம் வெளியிட்டார்கள். நாயின் வயதுக்கு இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுத்து, 16-ஆல் பெருக்கி, 31 கூட்ட வேண்டும். 11 வயதுக்கு 69 வருகிறது. 77 இல்லை. அறுபத்தொன்பது.

குடந்தைக் கணக்கர்:
உங்கள் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். ஒரு வயது நாய்க்கு 31 வருகிறது. ஒரு வயதுக் குட்டி என் மருமகளின் வயதா? 4 வயது நாய்க்கு 53! இதை நம்பச் சொல்லும் நீங்கள்தான் ஏழால் பெருக்கும் என் கணக்கைக் கேலி செய்கிறீர்கள். சரி, 69 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 69-உம் முதுமைதானே? எட்டு வருட வித்தியாசத்துக்கு 86,000 ரூபாயா?

அடையாறு மல்லிகை:
என் அப்பாவுக்கு 69 வயது. போன வருடம் இதய அறுவைச் சிகிச்சை செய்தோம். அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "69 ஆகிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று சொல்லியிருப்பீர்களா?

குடந்தைக் கணக்கர்:
அப்பாவையும் நாயையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே, அதுதான் இன்றைய தலைமுறையின் நோய். நான் அப்பாக்களைப் பற்றிப் பேசவே இல்லை.

இரவுப்பணியாளன்:
77 வயதுப் பெரியவர் என்று முதலில் ஒப்பிட்டவர் யார் ஐயா? நாய்க்குப் பக்கத்தில் தாத்தாவைக் கொண்டுவந்து உட்காரவைத்தது நீங்கள். இப்போது எழுந்து போகச் சொல்கிறீர்கள்.

கோம்பைப் பிரியன்:
இந்த வயதுச் சண்டையே வீண். குளிர்ந்த நியூபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு இருந்த நாயின் வம்சத்தைச் சென்னை வெயிலில் வளர்த்துவிட்டு மருத்துவமனை வாசலில் நிற்கிறீர்கள். கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை என்று நம் மண்ணின் நாய்கள் இருக்கும்போது ஏன் இந்த ஆசை? ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. நம் நாய்க்கு நோய் வராது, செலவும் வராது.

இரவுப்பணியாளன்:
வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு எவ்வளவு என்று வளர்ப்பவர்களைக் கேளுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி தபால்தலை பார்த்து வராது.

கோம்பைப் பிரியன்:
கலப்பு செய்து கெடுத்தவர்களின் பிழையை இனத்தின்மேல் போடாதீர்கள். என்னிடம் இருக்கும் கோம்பை இன்றுவரை ஊசி பார்த்ததில்லை.

நாமக்கல் மாணவி:
ஊசி பார்த்ததில்லை என்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடவில்லையா? அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை. தயவுசெய்து இந்த வாரமே போடுங்கள்.

பெரம்பூர் வாசகி:
கணக்கர் சொல்லும் 10,000-க்கு நான் உடன்படவில்லை. ஆனால் வரம்பே வேண்டாம் என்பதற்கும் உடன்பட முடியாது. எங்கள் பெட்டை நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடித்தபோது தனியார் இடத்தில் கேட்ட தொகையைக் கேட்டுக் கால் தளர்ந்துவிட்டது. பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் மட்டுமே கையில் இருந்தது. வேப்பேரி அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். 1903-இலிருந்து இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. விடியற்காலையிலேயே வரிசை. ஆட்டோவில் ஆடு, மடியில் பூனை, துணியில் சுற்றிய கிளி. சொற்பச் செலவில் அறுவை முடிந்தது, நாய் பிழைத்தது. அங்கே நாய்களுக்கு டயாலிசிஸும் செய்கிறார்கள். மல்லிகை முதலில் அங்கே போயிருந்தால் 86,000 ஆகியிருக்குமா?

அடையாறு மல்லிகை:
அன்று இரவு பதினொன்றரை மணி. புரூனோ வாந்தியெடுத்துக்கொண்டே இருந்தான், வாயில் மூத்திர நெடி. வீட்டுக்கு அருகில் திறந்திருந்த தனியார் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முப்பத்தைந்து கிலோ நாய், நானும் காவலாளியும் போர்வையில் வைத்துத் தூக்கினோம். அந்த இடத்தில் எனக்குக் கோபம் ஒன்று உண்டு. மொத்தம் எவ்வளவு ஆகும் என்று யாருமே சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் "இன்னும் ஒரு சோதனை" என்று ஒரு சீட்டு வரும். முதல் நாளே தேறுமா, தேறாதா, எத்தனை முறை டயாலிசிஸ், எவ்வளவு ஆகும் என்று உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாத இடத்தைக் கேட்பதை விட்டுவிட்டு என்னை மூடம் என்கிறார் இவர்.

இப்போது வீட்டிலேயே தோலுக்கடியில் சலைன் ஏற்றுகிறேன். பாட்டிலை வெந்நீரில் வைத்துச் சூடு பார்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி ஊசியைச் செலுத்த வேண்டும். நீர் இறங்க இறங்க முதுகில் ஒரு மேடு எழும்பி, மெல்ல முன்னங்கால் பக்கம் வழிந்து இறங்கும். அவன் தலையை என் முழங்காலில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறான். வலிக்கிறதென்றால் எழுந்து போயிருப்பான். கதவு திறந்துதான் இருக்கிறது.

குடந்தைக் கணக்கர்:
படிக்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் பாருங்கள், நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். மொத்தத் தொகை தெரியாமல் பணம் கட்டியிருக்கிறீர்கள். வரம்பு வைத்துக்கொண்டு போயிருந்தால் முதல் நாளே கேட்டிருப்பீர்கள். 77 வயது என்ற நினைவு இருந்திருந்தால் வரம்பு தானாக வந்திருக்கும்.

அடையாறு மல்லிகை:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 77 என்ற எண்ணை எழுதுவதை முதலில் நிறுத்துங்கள்.

நாமக்கல் மாணவி:
மல்லிகை அக்கா, கிரியாட்டினின் இப்போது எவ்வளவு? முதல் நாள் நீர்வற்றிய நிலையில் எடுத்த எண்ணை வைத்து நோய் எந்தப் படியில் இருக்கிறது என்று சொல்லக்கூடாது. நீரேற்றி உடல் நிலைப்பட்ட பிறகு திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் நின்றால் அது கடைசிப் படி. அந்த நிலையில் வாந்தி, பசியின்மை, எழ முடியாமை தொடர்ந்தால், வலியில்லாமல் விடைகொடுப்பது பற்றியும் மருத்துவரிடம் பேசலாம். அதைப் பேசுவது அன்புக் குறைவு ஆகாது.

இரவுப்பணியாளன்:
மாணவி, நீங்களும் கணக்கர் பக்கம் சாய்ந்துவிட்டீர்களா?

நாமக்கல் மாணவி:
நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. இரண்டாவது முறையாகச் சோதனை முடிவைக் கேட்கிறேன்.

கோம்பைப் பிரியன்:
லாப்ரடார் என்ன நிறம்?

அடையாறு மல்லிகை:
சாக்லேட் நிறம். அதற்கென்ன?

கோம்பைப் பிரியன்:
பிரிட்டனில் 2018-இல் வந்த ஆய்வில் சாக்லேட் நிற லாப்ரடார்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி நாய்கள் தாண்டாத வயது, 10.7 ஆண்டு. மற்ற நிறங்களுக்கு 12.1. அயல்நாட்டுக்காரனே சொல்லிவிட்டான். நிறத்துக்காக வாங்கினால் இப்படித்தான்.

அடையாறு மல்லிகை:
நான் வாங்கவில்லை. பக்கத்துத் தெருவில் வீடு மாறிப்போனவர்கள் கேட்டில் கட்டிவிட்டுப் போன நாய் அவன். உங்களுக்கு எதுவும் தெரியாமல் எழுதாதீர்கள்.

குடந்தைக் கணக்கர்:
10.7! 11 வயது என்றால் சராசரியைத் தாண்டிவிட்டது. நிறத்தைக் கேட்ட நண்பருக்கு நன்றி. என் 77 இப்போது அறிவியலாகவும் நிற்கிறது.

இரவுப்பணியாளன்:
10.7-ஐ ஏழால் பெருக்கினால் 74.9 வரும். அதுவும் 77 இல்லை. எந்த ஆய்வு வந்தாலும் உங்கள் 77 வரவே மாட்டேன் என்கிறது.

பெரம்பூர் வாசகி:
கட்டிவிட்டுப் போனார்களா! 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் அது குற்றம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடி வழிவகுத்த சட்டம் அது. ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் என்றுதான் சட்டத்தில் எழுதியிருந்தது. கைவிட்டவருக்கு ஐம்பது ரூபாய், காப்பாற்றியவருக்கு 86,000 ரூபாய். கணக்கர் இதற்கு ஒரு கணக்குச் சொல்லட்டும்.

குடந்தைக் கணக்கர்:
சட்டம் உணவு, தண்ணீர், இடம் கொடு என்கிறது. டயாலிசிஸ் செய் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. எங்கள் வீட்டிலும் நாய் வளர்த்தோம். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. கால் நொண்டினால் வீட்டில் இருக்கும் மூட்டுவலி மாத்திரையில் பாதி உடைத்துச் சோற்றில் வைப்போம். இரண்டு நாளில் ஓடும். ஐந்து ரூபாயில் முடிந்த வைத்தியம்.

நாமக்கல் மாணவி:
ஐயா, தயவுசெய்து இதை யாரும் பின்பற்ற வேண்டாம். டைக்ளோபினாக், இபுபுரோபென் போன்ற மனித மாத்திரைகள் நாய்க்கு இரைப்பையில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். புரூனோவுக்கு வந்ததே அந்த வழியாகவும் வரும். நாய் ஓடுவதைப் பார்த்து நன்மை என்று நினைத்துவிடுவோம்.

இரவுப்பணியாளன்:
உங்கள் நாய் எத்தனை வயதில் இறந்தது ஐயா?

குடந்தைக் கணக்கர்:
ஒன்பது வயதில். இயற்கையாக.

இரவுப்பணியாளன்:
63. உங்கள் வாய்ப்பாட்டிலேயே போட்டேன். 63 வயதில், ஐந்து ரூபாய் வைத்தியத்தில் இறந்த நாயின் வீட்டுக்காரர், 11 வயதில் நடமாடும் நாயின் வீட்டுக்காரருக்குச் செலவுப் பாடம் எடுக்கிறார்.

குடந்தைக் கணக்கர்:
இறந்த நாயை இழுக்கும் அளவுக்கு இறங்கிவிட்டீர்கள். இதற்கெல்லாம் நான் பதில் சொல்லமாட்டேன். என் நாய் வாசலில் ராஜாவாக இருந்தது. அது போன அன்று என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆனால் கடன் வாங்கவில்லை, வைப்புத்தொகையை உடைக்கவில்லை. துக்கம் வேறு, நிதி வேறு.

அடையாறு மல்லிகை:
நானும் கடன் வாங்கவில்லை. அதை முதல் பதிவிலேயே எழுதினேன். உங்களுக்குப் படிக்க மனமில்லை.

பெரம்பூர் வாசகி:
மல்லிகை, அடுத்த முறை இரத்தப் பரிசோதனையை வேப்பேரியில் எடுங்கள். மாணவி கேட்கும் எண்ணையும் போடுங்கள். நானும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கோம்பைப் பிரியன்:
தேனிப் பக்கம் நல்ல கோம்பைக் குட்டி தேவைப்படுபவர்கள் தனிச்செய்தி அனுப்பலாம்.

இரவுப்பணியாளன்:
இங்கே ஒரு நாய் உயிருக்குப் போராடுகிறது, இவர் குட்டி விற்கிறார்.

கோம்பைப் பிரியன்:
விற்பதாக எங்கே எழுதினேன்? நாக்கை அளந்து பேசுங்கள்.

குடந்தைக் கணக்கர்:
எல்லோரும் எங்கெங்கோ போகிறீர்கள். புளூயி, தபால்தலை, ஐம்பது ரூபாய், கோம்பைக் குட்டி. நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. 11 பெருக்கல் 7 எவ்வளவு?

இரவுப்பணியாளன்:
அறுபத்தொன்பது.