பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விளையாட்டும் தலைமைப்பண்பும்: எழுதலாமா, விடலாமா?

வலையோரம்
வணக்கம். புள்ளியியல் படிக்க அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சில பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். பள்ளி வாலிபால் அணியில் செட்டராக (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவராக) ஆடுகிறேன், இப்போது கேப்டனும்கூட. "உன் விழுமியங்கள், தலைமைப்பண்பு, விளையாட்டு ஆர்வம் மூன்றும் கட்டுரையில் தெரிய வேண்டும்" என்று பள்ளியில் சொன்னார்கள். நான் எழுதிய முதல் பத்தி:

"வாலிபால் எனக்கு ஒழுக்கத்தையும் விடாமுயற்சியையும் கற்றுத் தந்தது. அணித்தலைவியாக இருந்ததால் என் தலைமைப்பண்பு வளர்ந்தது. தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்று உணர்ந்தேன்."

இது போதுமா? தயங்காமல் சொல்லுங்கள்.

கரும்பலகை
மூன்று வரியையும் எடுத்துவிடுங்கள் அம்மா. உங்கள் மேல் குறை இல்லை, உங்களுக்குச் சொன்ன யோசனைதான் தப்பு. நான் கணக்கு ஆசிரியர். புள்ளியியல் படிக்க வருபவரிடம் பார்க்க வேண்டியது, ஓர் அட்டவணையைக் கொடுத்தால் அவருக்குக் கேள்வி எழுகிறதா என்பதைத்தான். ஆக்ஸ்ஃபோர்டு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: பாடத்துக்கான தகுதியைக் காட்ட உதவினால் ஒழிய, வெளிச் செயல்பாடுகள் மாணவரைத் தேர்ந்தெடுப்பதில் கணக்கில் வராது. பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யூகாஸில் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீண்ட கட்டுரை கிடையாது, மூன்று கேள்விகள். ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே வேறென்ன செய்து தயாரானீர்கள். அந்த மூன்றாவது கேள்வியும் "அது எப்படிப் பயன்படும்" என்றுதான் முடிகிறது. கேப்டன் பதவிக்கு அங்கே தனி மரியாதை இல்லை. எல்லா நாட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் சுற்று
சார், இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. நான் 1500 மீட்டர் ஓடியவன். முதல் சுற்றில் கூட்டமே இழுத்துக்கொண்டு போகும். கடைசிச் சுற்றில் முடிவுக்கோடு இழுக்கும். மூன்றாவது சுற்றில் இழுக்க யாரும் இல்லை. தொடை கனத்துவிடும், கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. அங்கே குறைக்காமல் ஓடப் பழகியவர் பட்டப்படிப்பின் நடுவில் வரும் வறண்ட பருவத்தையும் தாண்டுவார். மதிப்பெண் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கத் தரும் ரோட்ஸ் உதவித்தொகை நூறு வருடங்களுக்கு மேலாகப் படிப்போடு குணத்தையும், முன்நின்று நடத்தும் இயல்பையும், விளையாட்டு போன்றவற்றில் காட்டும் ஊக்கத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. சும்மாவா பார்க்கிறார்கள்?

கரும்பலகை
ரோட்ஸை நீங்களே இழுத்தது நல்லதாகப் போயிற்று. அதை நிறுவிய செசில் ரோட்ஸின் உயிலில் இருந்தது "ஆண்மைக்குரிய வெளிக்கள விளையாட்டுகள்" என்ற நிபந்தனை. பெண்களுக்கு அந்தக் கதவு திறந்தது 1970களின் பிற்பகுதியில்தான். குணத்துக்கு அளவுகோல் வைப்பவர் தன்னைப் போன்றவர்களையே அளவாக வைப்பார். ஹார்வர்டில் 1920களில் நடந்தது இன்னும் மோசம். நுழைவுத் தேர்வில் நன்றாகச் செய்து யூத மாணவர்கள் ஐந்தில் ஒருவருக்கு மேல் வரத் தொடங்கினார்கள். அதைக் குறைக்க விரும்பிய பல்கலைக்கழகத் தலைவர் லோவெல் முதலில் நேரடி ஒதுக்கீடு கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. 1926 வாக்கில் "குணநலன்", "ஆளுமை" என்பவை சேர்க்கை அளவுகோலுக்குள் நுழைந்தன, யூத மாணவர்களின் எண்ணிக்கை சரிந்தது. மதிப்பெண்ணை ஒருவர் எதிர்த்துக் கேட்கலாம், மறுகூட்டல் செய்யலாம். "உன் ஆளுமை போதவில்லை" என்றால் எங்கே போய் முறையிடுவது?

இன்றும் பாருங்கள். ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்த வழக்கில் 2018இல் வெளிவந்த தரவுகளின்படி, பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களில் ஏறக்குறைய 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட இல்லை. இதில் துடுப்புப் படகு, வாள்வீச்சு, ஸ்குவாஷ் எல்லாம் அடக்கம். அவற்றை ஆட வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

மூன்றாம் சுற்று
86 சதவீதக் கணக்கு வேறு விஷயம் சார். அது பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பது. இந்தத் தங்கை அந்த வரிசையில் இல்லை. இவர் கேட்பது, வாழ்க்கையில் இத்தனை நேரம் கொடுத்த ஒன்றை எழுதலாமா என்று. அதை எழுதாமல் வேறு எதை எழுதுவார்?

நிலாமுற்றம்
நேரம் என்று சொன்னீர்களே, அங்கேதான் எனக்கு வலிக்கிறது. பள்ளி விட்டதும் நான் மைதானத்துக்குப் போனதில்லை. தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், பாட்டிக்கு மருந்து கொடுக்க வேண்டும். "உனக்குத் தலைமைப்பண்பு இருக்கிறதா" என்று கேட்டபோது காட்ட என்னிடம் ஒரு கோப்பைகூட இல்லை. ஆனால் நாள் முழுக்க முடிவெடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்காகக் கரும்பலகை சார் சொல்வது போல எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். எடுத்துவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு இருக்கும் கொஞ்ச இடமும் போய்விடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் காமன் ஆப் படிவத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து வரிசை உண்டு. அதில் குடும்பப் பொறுப்பு, சம்பள வேலை இரண்டும் விளையாட்டோடு சமமான வகைகளாகவே இருக்கின்றன. பல பிள்ளைகளுக்கு இது தெரியாமல் காலியாக விடுகிறார்கள். தயவுசெய்து நிரப்புங்கள். ஹார்வர்டின் கல்வியியல் பள்ளியிலிருந்து 2016இல் வந்த ஓர் அறிக்கையும், வீட்டுப் பொறுப்பையும் அடுத்தவர் மேல் காட்டும் அக்கறையையும் சேர்க்கையில் மதிக்க வேண்டும் என்றுதான் கேட்டது. பட்டியலை நீட்டச் சொல்லிப் போராடுவோம்.

படிக்கட்டு
ஓர் உதவித்தொகைக் குழுவில் விண்ணப்பங்கள் படிக்கிறேன். வலையோரம், உங்கள் பத்தியில் வாலிபாலை எடுத்துவிட்டு வீணை என்று போட்டாலும் அப்படியே நிற்கும். அதனால்தான் அது வேலைக்கு ஆகாது. ஒழுக்கம், விடாமுயற்சி என்று எழுதாத பிள்ளையே கிடையாது.

நான் தேடுவது ஒன்றுதான். நீங்கள் கேப்டன் ஆவதற்கு முன் அந்த அணியில் ஒரு விஷயம் ஒரு மாதிரி நடந்தது, நீங்கள் வந்த பிறகு வேறு மாதிரி நடந்தது. அது என்ன? அதனால் உங்களுக்கு என்ன நஷ்டம்? நஷ்டமே இல்லாத முடிவு என்றால் அதில் விழுமியம் எதுவும் தெரியாது. காமன் ஆப்பில் பதவியின் பெயருக்குத் தனியே 50 எழுத்துகள் தருகிறார்கள். "கேப்டன்" அங்கே இருக்கட்டும். 650 சொல் கட்டுரையை அதற்குச் செலவிடாதீர்கள்.

வலையோரம்
யோசித்தேன் அக்கா. எங்கள் அணியில் வலை கட்டுவது, வலையின் ஓரக் கம்பிகளான ஆண்டெனாக்களை மாட்டுவது, கடைசியில் பந்து பொறுக்கி வைப்பது எல்லாம் ஜூனியர் வேலை. பல வருடப் பழக்கம். இதனால் அவர்களுக்கு சர்வீஸ் பழக நேரமே இருக்காது. நான் கேப்டன் ஆனதும் முறை வைத்தேன், முதல் பெயராக என் பெயரைப் போட்டேன். சீனியர்களுக்குக் கோபம். வலையருகே எதிரணியின் அடியைத் தடுக்கும் எங்கள் சிறந்த பிளாக்கர் அணியை விட்டே போய்விட்டாள். அடுத்த போட்டியில் அரையிறுதியில் தோற்றோம். பலரும் என்னைத்தான் சொன்னார்கள்.

இன்னொன்றும் உண்டு. நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எதிரணி சர்வீஸை யார் எடுத்தாலும் 0 முதல் 3 வரை போடுவேன். நான் எந்தப் பக்கமும் பந்தைத் தூக்கிக் கொடுக்க வசதியாக வந்தால் 3, அங்கேயே பாயின்ட் போனால் 0. ஒரு ஜூனியரின் சராசரிதான் அணியிலேயே குறைவு. அவளை மாற்றச் சொன்னார்கள். நான் சர்வீஸ் எப்படி வந்தது என்பதையும் தனியே குறித்துப் பார்த்தேன். கடினமான சர்வீஸ் எல்லாம் அவள் பக்கமே வந்திருந்தது, புதியவள் என்று குறிவைத்திருக்கிறார்கள். ஒரே மாதிரி சர்வீஸை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் அவள் மற்றவர்களுக்குக் குறைந்தவள் இல்லை. அதனால் மாற்றவில்லை.

கரும்பலகை
அம்மா, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை! மொத்தச் சராசரி ஒன்று சொல்கிறது, வகை பிரித்துப் பார்த்தால் வேறு தெரிகிறது. புள்ளியியலின் அடிப்படைச் சிக்கல்களில் ஒன்றை நீங்களே மைதானத்தில் கண்டுபிடித்திருக்கிறீர்கள். யூகாஸின் மூன்றாவது கேள்விக்கு இதை எழுதுங்கள். எத்தனை சர்வீஸ் குறித்தீர்கள், அந்த எண்ணிக்கை முடிவு சொல்லப் போதுமா என்பதையும் எழுதுங்கள்.

படிக்கட்டு
சார், அந்த நோட்டை அவர் பிரித்துப் பார்த்ததே ஒரு பெண்ணை அநியாயமாக வெளியே தள்ளக் கூடாது என்பதற்காக. உங்களுக்குப் பிடித்த புள்ளியியலும், நீங்கள் வேண்டாம் என்கிற விழுமியமும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன.

கரும்பலகை
இருக்கட்டும். அவருடைய நல்ல மனதை நான் மதிக்கிறேன். அதற்கு ஓர் அதிகாரி மதிப்பெண் போடுவதைத்தான் எதிர்க்கிறேன். இதே காரியத்தைச் செய்துவிட்டு, எழுதத் தெரியாமல், கேட்டுச் சொல்ல ஒரு படிக்கட்டு இல்லாமல் எத்தனை பேர் இருப்பார்கள்? காசு உள்ளவர் கட்டுரைக்கும் பயிற்சியாளர் வைப்பார். 2019இல் அமெரிக்காவில் பிடிபட்ட சேர்க்கை மோசடியில், ஆடாத விளையாட்டில் ஆடியதாக முகத்தை ஒட்டிப் படம் தயாரித்தார்கள். நடத்திய வில்லியம் சிங்கருக்கு மூன்றரை வருடச் சிறை. விளையாட்டும் குணமும் விலைபோகும் இடமாக இருந்ததால்தானே அது நடந்தது?

மூன்றாம் சுற்று
அதே வழக்கில் நுழைவுத் தேர்வு விடைகளைத் திருத்தியதும் உண்டு சார். அதற்காகத் தேர்வை ஒழிக்கச் சொல்வீர்களா?

கரும்பலகை
மாட்டேன். தேர்வில் நடந்த திருட்டைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கட்டுரையில் வரும் நற்குணத்தைச் சரிபார்க்க வழியே இல்லை.

நிலாமுற்றம்
பரிந்துரைக் கடிதம் இருக்கிறதே சார். அந்த ஜூனியர்களைப் பார்த்த விளையாட்டு ஆசிரியர் எழுதலாம். முழுச் சரிபார்ப்பு இல்லைதான், ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

வலையோரம்
ஒரு சந்தேகம். பிளாக்கர் விலகியதையும் தோற்றதையும் எழுதலாமா? எழுதினால் அவளைத் தப்பாகக் காட்டியது போல ஆகாதா?

மூன்றாம் சுற்று
எழுதுங்கள். தோல்வியை மறைத்தால் மிச்சம் இருப்பது தற்புகழ்ச்சி.

நிலாமுற்றம்
அவள் தரப்பையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ஜூனியராக இருந்தபோது அவளும் அதே வலையைக் கட்டியவள்தானே. தன் முறை வரும்போது விதியை மாற்றினால் கோபம் வராதா?

வலையோரம்
ஆமாம், அதையேதான் அவள் அன்று என்னிடம் கத்தினாள். பெயர் போடாவிட்டாலும் எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். எழுதியதை முதலில் அவளிடம் காட்டுகிறேன், அவள் வேண்டாம் என்றால் நோட்டுக் கதையை மட்டும் வைத்துக்கொள்கிறேன். நாளைக்குப் புது வரைவு போடுகிறேன், கரும்பலகை சாரும் பார்த்துச் சொல்ல வேண்டும்.