அப்பா ஓட்டுன லேன்ட் ரோவர செய்றேன், துரு சரியா வரல, எங்க பிழை?

தலவாக்கலை_குளிரு:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா 20 வருஷத்துக்கு மேல தேயிலைத் தோட்டத்துல ட்ரைவரு, பெரிய தொரையோட (தோட்ட மேனேஜரோட) லேன்ட் ரோவர். இப்ப வீட்டோட இருக்காரு. அவருக்கு தெரியாம செஞ்சு குடுக்கலாம்னு ரெவல் கம்பெனி 1/24 கிட் ஒன்னு (உண்மையான வண்டியில 24ல ஒரு பங்கு அளவு, ஒட்டிச் செய்ற பிளாஸ்டிக் மாடல்), சீரிஸ் 3 நீள வண்டி, கொழும்புல இருக்கிற கூட்டாளி மூலமா எடுத்தேன். ஒட்டி முடிச்சு பச்சை அடிச்சு, மட்காட், கதவு, பொனட் எல்லாத்துலயும் ஹெயார் ஸ்ப்ரே முறையில துரு போட்டேன், அதாவது அடியில துரு கலரு, அது மேல சலூன்ல அடிக்கிற ஹெயார் ஸ்ப்ரே, அதுக்கு மேல அக்ரிலிக் பச்சை, காஞ்சதும் தண்ணி தொட்டு பழைய டூத்பிரஷ்ஷால தேய்ச்சா பச்சை உரிஞ்சு துரு தெரியும். போட்டோவுல பாக்க சூப்பரா இருந்துச்சு. ஆனா பாதியிலயே அப்பா கண்டுட்டாரு. கண்ணாடிய போட்டுக்கிட்டு ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ரொம்ப நேரம் திருப்பி திருப்பி பாத்துட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது யாரு வண்டி?"ன்னு கேட்டுட்டாரு. மனசு விட்டுப்போச்சு.

இன்னொன்னு, நேத்து மேட் (பளபளப்பு இல்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடிச்சேன், வெளிய மழை, பத்து நிமிஷத்துல கூரையெல்லாம் பால் ஊத்துன மாதிரி வெள்ளையா போச்சு. இத காப்பாத்தலாமா இல்ல மொத்தமா உரிக்கணுமா?

டிங்கரிங்_பாஸ்:
தம்பி, அப்பா சொன்னதுதான் சரி. நான் ஹட்டன்ல 30 வருஷமா டிங்கரிங் வேலை, பொம்மை வண்டி செஞ்சதில்ல, ஆனா உண்மையான வண்டி எத்தனையோ கழட்டியிருக்கேன். லேன்ட் ரோவர் பொடி, அதாவது வெளிக்கூடு, அலுமினியம்ப்பா. 1948ல அது வந்த நேரம் யுத்தம் முடிஞ்சு இங்கிலாந்துல இரும்புத் தகட்டுக்கு தட்டுப்பாடு, அதால அலுமினியக் கலவையில அடிச்சாங்க, பிறகும் அப்பிடியே விட்டுட்டாங்க. மட்காட்ல காந்தத்த வச்சு பாருங்க, வழுக்கி விழும். அங்க செவப்பு துரு எப்பிடி வரும்?

இரும்பு எங்கன்னா செசி (வண்டியோட அடிச்சட்டம்), என்ஜினுக்கும் நம்ம காலுக்கும் நடுவுல நிக்கிற சுவரு, கதவோட உள் சட்டம், கீல், ரிம், சைலன்சர். துரு அங்கதான். கால் வைக்கிற எடம் ஓட்டையாகி ரோட் தெரியும், பின்னால செசியோட குறுக்குச் சட்டம் பிஸ்கட் மாதிரி உதிரும். பொடியில பெயின்ட் போன எடத்துல மங்கலான ஈயக் கலருதான் தெரியும், புது சில்வர் மாதிரி பளபளன்னு வேணாம். அலுமினியமும் இரும்பும் ஒட்டுற எடம், கதவோட அடி விளிம்பு, ரிவட் சுத்தி, அங்க ஈரம் பட்டா அலுமினியம் அரிக்கும், அரிச்சா வெள்ளை தூளு, பெயின்ட் சின்ன சின்னதா கொப்புளிக்கும். அத செஞ்சு காட்டுங்க, ஒங்கப்பா அசந்துருவாரு.

அவருகிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. ஹெட்லைட் மட்காட்ல இருந்துச்சா இல்ல உள்ளுக்கு கிரில் பக்கத்துலயா? மீட்டரெல்லாம் ஸ்டியரிங்குக்கு நேரயா, டேஷ்போட் நடுவுலயா? உள்ளுக்கும் நடுவுலயும்னா அது சீரிஸ் 2 காலத்து வண்டி, ஒங்க கிட்டோட மூஞ்சிய மாத்தணும்.

ஊவாக்_காத்து:
வார்னிஷ் கேள்விக்கு நான் சொல்றேன், பாஸ் துருவ பாத்துக்கிட்டாரு. நீங்க செஞ்சது எங்க எல்லாருக்கும் நடந்ததுதான் ப்ரோ. ஸ்ப்ரேயில இருக்கிற சோல்வன்ட் ஆவியாகும்போது மேற்பரப்பு சட்டுன்னு குளிரும், காத்துல ஈரம் நிறைய இருந்தா அங்கயே பனி மாதிரி படிஞ்சு வார்னிஷுக்குள்ள மாட்டிக்கும், அதுதான் அந்த வெள்ளை. உரிக்க அவசரப்படாதீங்க. காயவிட்டு, மழை விட்ட ஒரு பகல்ல, அதே வகை குளோஸ் (பளபளப்பு) வார்னிஷ் மெல்லிசா ஒரு கை அடிச்சு பாருங்க, அனேகமா தெளிஞ்சுரும். தெளிஞ்ச பிறகு மேட்.

ஒங்க பக்கம் மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் மழைதானே. எங்க பண்டாரவளையில ஜூலை ஆகஸ்ட்ல காஞ்ச காத்து, ஊவா தேயிலைக்கு மணம் ஏறுற சீசன், பெயின்ட் அடிக்கவும் அதுதான் சீசன் 😄 அக்டோபர் வந்தா நாங்க ஈரத்துல, அப்ப நீங்க சிரிக்கலாம். அவசரம்னா டின்ன வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் வைங்க, கொதி தண்ணி வேணாம், அடுப்பு பக்கமே கொண்டு போகாதீங்க, வெடிக்கும். அறையில பல்பு ஒன்ன எரியவிட்டு அட்டப்பெட்டிக்குள்ள வண்டிய வச்சு காயப்போடுங்க.

ஹாட்வெயார்ல விக்கிற வண்டி பெயின்டயோ தின்னரயோ நேர பிளாஸ்டிக்ல அடிச்சுராதீங்க, உருகிரும். (நான் ஒரு மினி கூப்பர அப்பிடித்தான் கொன்னேன்.)

தலவாக்கலை_குளிரு:
பாஸ் அண்ணே, நீங்க கேட்டத அப்பாகிட்ட கேட்டேன், மனுஷன் ஒரு மணித்தியாலம் பேசினாரு. லைட் ரெண்டும் உள்ளுக்கு, மீட்டர் நடுவுல. வண்டிய தினமும் பிரட்டுக்களத்துக்கு (காலையில ஆளுங்கள வேலைக்கு பிரிக்கிற எடம்) போறதுக்கு முந்தியே கழுவிருவாராம், சேறோட தொரைய ஏத்த முடியாதுன்னாரு. வலது கதவு மேல் விளிம்புல அவரு முழங்கை வச்சு வச்சு பெயின்ட் போயிருச்சாம். பின்னால உர மூட்டைய இழுத்து இழுத்து தளம் பூரா கீறலாம். செவப்பு எங்கயாவது இருந்துச்சான்னு கேட்டேன், "டயருக்கு உள்ளுக்கு செம்மண்ணு, துரு இல்ல"ன்னாரு.

ஊவாக்_காத்து:
பாத்தீங்களா, எல்லாத்தையும் அப்பாவே சொல்லிட்டாரு. மேல சுத்தமா விடுங்க. சேறு வீல் வளைவுக்குள்ள, செசிக்கு அடியில, கீல் இடுக்குல மட்டும். எங்க மண்ணு செம்மஞ்சள், அது காஞ்சா வெளிறும், துருவ விட மஞ்சளா இருக்கும், ரெண்டையும் ஒரே கலர்ல போட்டா கெட்டுச்சு.

தோட்டத்து மண்ணையே எடுங்க, ஆனா நைலோன் துணியில ரெண்டு தடவை சலிங்க. 1/24ல அரை மில்லிமீட்டர் மணல் ஒன்னு 12 மில்லிமீட்டர் கல்லா தெரியும். சலிச்சத தாச்சியில வறுத்துருங்க, இல்லாட்டி நம்ம ஊரு ஈரத்துக்கு பூஞ்சணம் பிடிக்கும் (அம்மாவோட தாச்சிய எடுக்காதீங்க, அனுபவம்). பைன்டர் கம், தண்ணி, ஒரு சொட்டு அக்ரிலிக் பிரவுன் கலந்து பழைய பிரஷ்ஷ விரலால சுண்டி தெளிங்க, வீல் பக்கத்துல இருந்து மேல் நோக்கி.

முழங்கை எடத்துக்கு சின்ன ஸ்பொஞ்ச் துண்டு, ஈயக் கலர தொட்டு பேப்பர்ல ஒத்தி எடுத்துட்டு, மிச்சம் இருக்கிறத மட்டும் கதவுல ஒத்துங்க. கொஞ்சமா போட்டு ஒரு நாள் விட்டு பாருங்க.

டிங்கரிங்_பாஸ்:
நம்பர் பிளேட் மறக்காதீங்க. அந்தக் காலத்து வண்டிக்கு ரெண்டு நம்பருக்கு நடுவுல சிங்கள ஸ்ரீ வரும். கிட்டுல வர ஐரோப்பா பிளேட்ட ஒட்டுனா அப்பா மறுபடியும் யாரு வண்டின்னு கேப்பாரு.

தலவாக்கலை_குளிரு:
வார்னிஷ் தெளிஞ்சுருச்சு, குளோஸ் வேலை செஞ்சுச்சு, ரொம்ப நன்றி. பொடிய மறுபடி பச்சை அடிச்சாச்சு. இன்னிக்கு காலையில அப்பா வந்து பக்கத்துல ஒக்காந்தாரு, இடது பின் மூலைய காட்டி "இங்க ஒரு நெளிவு இருந்துச்சு, பாறையில இடிச்சது, தொரைக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, அதையும் போடு"ன்னாரு. பிளாஸ்டிக்ல நெளிவு எப்பிடி எடுக்கிறது அண்ணே?

டிங்கரிங்_பாஸ்:
எனக்கு நெளிவ எடுக்கத்தான் தெரியும், போட கேக்குறீங்களே 😂 உள் பக்கமா கத்தியால சுரண்டி மெல்லிசாக்குங்க, கரண்டிக் காம்ப சுடுதண்ணியில முக்கி வெளிய இருந்து மெதுவா அமுத்துங்க. முதல்ல கிட்டோட வெட்டி எறிஞ்ச பிளாஸ்டிக் துண்டுல பழகிட்டு செய்ங்க.