கூரை வேலைக்கு நம்பகமான ஆளை எப்படிப் பிடித்தீர்கள்? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

மாடம்பாக்கம்

எங்கள் வீடு 1990-களில் கட்டியது. மொட்டை மாடியில் சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை) போட்டு, மேலே தட்டோடு பதித்த பழைய பாணித் தளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அடித்து ஓய்ந்த பிறகு ஹாலின் கிழக்கு மூலையில் ஓதம் இறங்கியது. கொஞ்ச நாளில் காரை உப்பிப் பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது.

ஆள் தேடத் தொடங்கியதும் முதலில் கண்ணில் பட்டது இதுதான்: வந்தவர்களில் பலர் மாடிக்கே ஏறவில்லை. ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "மொத்த மாடிக்கும் கெமிக்கல் கோட்டிங் அடிச்சிடலாம் சார், பத்து வருஷம் கேரண்டி" என்று சதுர அடிக் கணக்கில் ஒரு தொகையைச் சொன்னார்கள். இன்னொருவர் நேரில் வரவே இல்லை. போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், ரேட் சொல்கிறேன் என்றார். தண்ணீர் எங்கே நுழைகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் தெருக்கோடி வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு வயதான மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அவர் நேராக மாடி ஏறினார். சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, காம்பால் ஒவ்வொரு தட்டோடாகத் தட்டிக்கொண்டே நடந்தார். கணீரென்று கேட்டால் அடுத்த ஓட்டுக்குப் போவார். பொத்து பொத்தென்று கேட்டால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. நடந்தபடியே கேள்விகள்: "கோடையிலயும் ஈரம் இருந்துச்சா? டேங்க் நிரம்பி எந்தப் பக்கம் வழியும்? போன மழையில ஆரம்பிச்ச எத்தனையாவது நாள்ல சொட்டுச்சு?" கோடையிலும் ஈரம் இருந்தால் அது மழைத்தண்ணீர் இல்லை, குழாயைப் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

அதோடு விடவில்லை. மாடிக்கு நடுவில் கலவையால் சின்ன வரப்பு கட்டினார். தண்ணீர் போகும் குழாய்களை ஈரச்சாக்கால் அடைத்துவிட்டு, மேற்குப் பாதியில் மட்டும் தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க விட்டார். ஹாலில் சொட்டு இல்லை. அதை வடியவிட்டுக் கிழக்குப் பாதியை நிரப்பினார். சாயங்காலம் அதே மூலையில் ஈரம் பூத்தது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் முளைத்திருந்த அரசங்கன்று ஒன்றை நாங்கள் அவ்வப்போது கிள்ளி எறிவோம். கிள்ளக் கிள்ள வேர் உள்ளே தடித்துக்கொண்டே போயிருக்கிறது. தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கியது.

வேரை முழுதாக எடுத்தார். இணைப்பைக் கொத்தித் திறந்து, கலவையை அரைவட்டமாக வைத்து மூடினார். குறி போட்ட ஓடுகளை மட்டும் மாற்றினார். உள்ளே கம்பியைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு எடுத்து, மருந்து பூசிய பிறகே காரை பூசினார். "மத்த தளம் கல்லு மாதிரி இருக்கு, அதுல கை வைக்காதீங்க" என்று அவரே சொன்னார். வேண்டாத வேலையை வேண்டாம் என்று சொல்கிறவரை நம்பலாம் என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் மழையிலும் அந்த மூலை காய்ந்தே இருந்தது.

இப்போது என் அக்கா வீட்டு மாடியில் ஷீட் கூரை போட வேண்டும். அந்த வேலை எனக்குப் பழக்கமில்லை. உங்கள் ஊரில் ஆளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

வேதாரண்யம் பக்கம்

கஜா அடிச்சது 2018 நவம்பர் 16. நடுராத்திரி தாண்டி எங்க தெருவுல ஷீட்டெல்லாம் அப்பளம் மாதிரி பறந்துச்சு. மறு வாரமே வெளியூர் ஆளுங்க வண்டியில வந்து வீடு வீடா கேட்க ஆரம்பிச்சிட்டாங்க. அவசரம் எல்லாருக்கும் இருந்துச்சு, புள்ளைகளோட தார்ப்பாய்க்கடியில எத்தனை நாளு கெடக்கிறது? எங்க சித்தப்பா வீட்டுல பாதிப் பணம் வாங்கி நாலு கால் நட்டுட்டுப் போனவரு, அப்புறம் போனை எடுக்கவே இல்ல. நட்ட காலு துருப்பிடிச்சு நின்னுச்சு.

எங்க அப்பா வேற மாதிரி யோசிச்சாங்க. சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயி, புயல்ல பறக்காம நின்ன கூரை எதெதுன்னு பார்த்து, அந்த வீட்டுக்காரங்கக்கிட்ட போட்டது யாருன்னு கேட்டாங்க. ரெண்டு மூணு வீட்டுல ஒரே பேரு வந்துச்சு. பக்கத்து ஊருல வெல்டிங் பட்டறை வச்சிருக்கிறவரு. அவருக்கு விளம்பரமும் கிடையாது, கார்டும் கிடையாது. புயலே அவரு வேலைக்குப் பரீட்சை வச்சிருச்சு.

அந்த அண்ணன் வந்து முதல்ல கேட்டது காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கும்னுதான். கூரையோட ஓரத்தையும் மூலையையும்தான் காத்து அதிகமாத் தூக்கும், அதனால அங்க ஸ்க்ரூ நெருக்கமா வரணும்னாரு. அம்மா வாசல் பக்கம் நல்லா நீட்டி விடச் சொன்னாங்க. "அக்கா, நீட்டினா நெழலு கெடைக்கும், ஆனா காத்து அடியில பூந்து மொத்தத்தையும் பேத்துரும்"னு ஒரே பிடியா நின்னாரு. பைப் காலுக்கு அடியில குறுக்குக் கம்பி வச்சு வெல்டு பண்ணி, குழிக்குள்ள கான்கிரீட் போட்டாரு. குழி மூடுறதுக்கு முன்னாடி அப்பாவைக் கூப்பிட்டு, "பார்த்துக்குங்க, மூடிட்டா தெரியாது"ன்னாரு.

ஸ்க்ரூ முடுக்குறதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன். ஷீட்டோட மேட்டுல அடிச்சாரு, பள்ளத்துல அடிக்கல. பள்ளத்துலதானே தண்ணி ஓடுது. ஒவ்வொண்ணையும் முடுக்கிட்டு, அடியில இருக்கிற ரப்பர் வாஷரை விரலால சுத்தித் தடவிப் பார்ப்பாரு. ரப்பர் வெளியில பிதுங்கியிருந்தா கழட்டி வேற போடுவாரு. பிதுங்குற அளவுக்கு இறுக்கினா ரப்பர் சீக்கிரம் கிழிஞ்சு அங்கயே ஒழுகுமாம்.

திருப்பூர் பக்கம்

வணக்கமுங்க. நான் ஷீட் வேலை எடுத்துச் செய்யறவன். எங்க பக்கத்துல இருந்தும் கொஞ்சம் சொல்லிப்போடறேன்.

இந்தத் தொழில்ல ஏமாத்து நடக்கறது பெரும்பாலும் கனத்துலதானுங்க. 0.50 மி.மீ. ஷீட்டுன்னு ரேட் பேசி 0.40 இறக்கிப்போடுவாங்க. கண்ணால பார்த்தா தெரியாது. நல்ல கம்பெனி ஷீட்டுல பேரும் கனமும் அடிச்சிருப்பாங்க, வண்டியில இருந்து இறக்கையில அதைப் படிச்சுப் பாருங்க. 0.50-ங்கறது பூச்சோட சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமான்னு ரேட் பேசறப்பவே கேட்டு எழுதி வாங்கீருங்க. சந்தேகம் இருந்தா லேத் பட்டறையில மைக்ரோமீட்டர் இருக்கும், ஒரு துண்டைக் கொண்டுபோய் அளந்துக்கலாம். பைப்புக்கும் அதே கதைதானுங்க. வெளியளவு ரெண்டு அங்குலம்னு மட்டும் பேசுனா பத்தாது, பைப் சுவரோட கனம் எத்தனைன்னு பேசோணும்.

ஒண்ணு மனசு விட்டுச் சொல்றேனுங்க. நாலு பேர்கிட்ட ரேட் கேட்டு, நாலாவது ஆளையும் இன்னும் அடிச்சுப் பேசறீங்க. அவன் அதை வேற எங்க எடுப்பான்? கனத்துல எடுப்பான், இல்லீன்னா ஸ்க்ரூவுல எடுப்பான். ரேட்டைக் குறைக்கறதை விட, மெட்டீரியல் தனி, கூலி தனின்னு பிரிச்சு எழுதச் சொல்லுங்க. ஷீட்டையும் பைப்பையும் நீங்களே கடையில உங்க பேர்ல பில் போட்டு வாங்கிக் குடுங்க. அப்ப அட்வான்ஸ்ங்கற பேச்சுக்கே பெருசா வேலையில்லை. கூலியை ட்ரஸ், அதாவது கூரையைத் தாங்கற இரும்புச் சட்டம், நின்னதும் ஒரு பகுதி, ஷீட் ஏறுனதும் ஒரு பகுதின்னு குடுங்க. கடைசியில ஒரு தொகையை ஒரு மழை பார்த்துட்டுத் தர்றேன்னு நிறுத்தி வச்சா நான் சம்மதிச்சுக்குவேன். ஆனா மழை பெஞ்சு ஒழுகாம இருந்தா அந்தப் பணத்தை அலைய விடாம குடுத்துப் போடோணும். அதுக்காக மாசக்கணக்கா நடக்க விட்டா, அடுத்த தடவை ஒழுகுதுன்னு நீங்க கூப்பிடறப்போ வர எங்களுக்கு மனசு வருமுங்களா?

இன்னொண்ணு, பசங்க பாதுகாப்பு. உச்சியில ஏறறவனுக்குக் கயிறும் பெல்ட்டும் குடுக்கற கான்ட்ராக்டரான்னு பாருங்க. கட்டுமான நல வாரிய அட்டை இருக்குதான்னு கேளுங்க. தன் ஆளு உசுரைப் பத்தி நெனைக்காதவன் உங்க கூரையைப் பத்தியா நெனைக்கப் போறான்?

சேலம்

கேரண்டி பற்றி மட்டும். எங்கள் பக்கத்து வீட்டில் மாடிக்குக் கோட்டிங் அடித்து, லெட்டர் பேடில் கேரண்டி எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒழுகிய பிறகு எடுத்துப் படித்தால், தண்ணீர் தேங்கும் இடத்துக்குப் பொருந்தாது என்று கடைசி வரியில் இருந்தது. அந்த மாடிக்கு வாட்டமே கிடையாது, மழை பெய்தால் தேங்கத்தான் செய்யும். வாட்டத்தைச் சரி பண்ணாமல் மேலே பூசியது யாருடைய தப்பு? கையெழுத்துக்கு முன்னாலேயே அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். கோட்டிங் வாளியை உங்கள் எதிரில் சீல் உடைக்கச் சொல்லுங்கள். எத்தனை சதுர அடிக்கு வரும் என்று வாளியிலேயே போட்டிருக்கும். காலி வாளிகளை எண்ணினால் தண்ணீர் கலந்து இழுத்தார்களா என்பது தெரிந்துவிடும்.

நாகர்கோவில்

எங்களுக்குப் பழைய ஓட்டு வீடு. மங்களூர் ஓடு. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ரகம். தாத்தா காலத்து ஓட்டில் செய்த கம்பெனியின் முத்திரை இன்னும் அழியவில்லை.

ஒழுக்குக்கு ஆள் கூப்பிட்டபோது இரண்டு பேர் ஒரே மாதிரி பேசினார்கள். மொத்தத்தையும் பிரித்துவிட்டு ஷீட் போட்டுவிடலாம், பழைய ஓட்டையும் மரத்தையும் நாங்களே அப்புறப்படுத்திக்கொள்கிறோம், அதற்குக் கூலி வேண்டாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பழைய ஓட்டுக்கும் தேக்குக்கும் பலாவுக்கும் நல்ல விலை உண்டு என்று அம்மாவுக்குத் தெரியும், அதனால் உடனே மறுத்துவிட்டார். இலவசமாக இறக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், இறக்குவது என்ன விலைக்குப் போகும் என்று முதலில் விசாரியுங்கள்.

பிறகு வந்த ஆசாரி உளியின் நுனியால் ஒவ்வொரு மரமாகக் குத்திப் பார்த்தார். மேல்மரம் எல்லாம் உறுதி. ஓடு உட்காரும் ரீப்பர் மட்டும் ஒரு பக்கம் கரையான் தின்றிருந்தது. ரீப்பரை மாற்றி, ஓட்டைக் கழுவி அதையே திரும்ப அடுக்கினார். உடைந்த சிலவற்றுக்குப் புது ஓடு வாங்கப் போனபோது தடுத்தார். ஒவ்வொரு கம்பெனிக்கும் பிடிப்புக் காடியின் அளவு மாறும், கலந்து போட்டால் இடுக்கில் தண்ணீர் ஏறும் என்று சொல்லி, இடித்த வீட்டுச் சாமான் விற்கும் இடத்தில் அதே முத்திரை ஓட்டைத் தேடி வாங்கி வந்தார். எங்கள் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், மாசி பங்குனிக்குள் முடித்துவிட வேண்டும் என்று தேதியையும் அவரேதான் சொன்னார்.

பல்லாவரம்

திருப்பூர் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் வீட்டுப் பின்கட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும். பார்க்க வந்தவர், சுத்தியலால் தட்டி உடைத்து ஒரே நாளில் இறக்கிவிடுவேன் என்கிறார். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

திருப்பூர் பக்கம்

அந்த ஆளு வேண்டாமுங்க. அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போனா வெளிய வராது, புத்துநோய் வரைக்கும் கொண்டுபோய் விட்டுரும். உடைக்காம முழு ஷீட்டா இறக்கறேன்னு சொல்ற ஆளைப் பாருங்க. இறக்கறதுக்கு முன்னாடி ஷீட்டை நல்லாத் தண்ணி தெளிச்சு நனைக்கோணும். போல்ட் துருப்பிடிச்சுக் கழலலீன்னா போல்ட்டைத்தான் வெட்டோணும், ஷீட்டை வெட்டவும் கூடாது, துளை போடவும் கூடாது. மேல ஏறறவன் நேரா ஷீட்டு மேல கால் வைக்காம, பலகை போட்டு அது மேல நிக்கோணும். பழைய ஷீட்டு திடீர்னு உள்வாங்கி ஆளையே கீழ தள்ளிப்போடும். வேலை செய்யறவங்களுக்குத் துண்டு பத்தாது, தூசிக்குன்னு விக்கற நல்ல மாஸ்க் வாங்கிக் குடுங்க. அன்னைக்குக் குழந்தையைச் சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிருங்க. எறக்குனதை கனமான பிளாஸ்டிக் தாள்ல சுத்தி வைங்க, பக்கத்துல கோழிக்கூட்டுக்குக் கேட்டாங்கன்னு குடுத்துறாதீங்க. சாயங்காலம் வாசலை வறட்டுத் துடைப்பத்துல கூட்டாம ஈரத்துணியால துடைங்க, அந்தத் துணியைத் துவைச்சுத் திரும்ப எடுக்காம அந்த மூட்டையோடவே கட்டிருங்க.