டேட்டா பேக் போடாத ஸ்மார்ட்போன்: சென்னையில் இது நடக்கிற காரியமா?

மயிலைப் பிழைதிருத்துநர்:

பதினான்கு மாதங்களாக என் ஸ்மார்ட்போனுக்கு மொபைல் டேட்டா என்ற வகையில் ஒரு பைசாவும் கட்டியதில்லை. வீட்டில் ஃபைபர் இணைப்பும் வைஃபையும் உண்டு. வாசலைத் தாண்டிக் கச்சேரி சாலையில் கால் வைத்துவிட்டால் என் போன் பேசும், எஸ்.எம்.எஸ். வாங்கும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. இது முடியாத காரியம் என்று என் மைத்துனர் முதல் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் வரை எல்லோரும் சொல்வதால், இங்கே வாதிட்டுப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

முன்பெல்லாம் வரம்பில்லாத அழைப்பு வேண்டுமென்றால் பெரும்பாலும் டேட்டாவையும் சேர்த்தே வாங்கியாக வேண்டும். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிகளைத் திருத்தி, அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள ஒரு பேக்கையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று சொன்னது. இத்தகைய சிறப்புக் கட்டண பேக்குகள் செல்லுபடியாகும் உச்சக் காலத்தையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் அவை கடைக்கு வந்தன. அவற்றில் ஒன்றைத்தான் நான் போட்டுக்கொள்கிறேன்.

வெளியே போகும் மனிதனுக்கு இணையத்தால் ஆக வேண்டியது என்னவென்று ஒரு நாள் எழுதிப் பார்த்தேன். மின்கட்டணத் தொகை எஸ்.எம்.எஸ்.ஸில் வருகிறது. சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கும் எண்ணும் எஸ்.எம்.எஸ்.ஸில்தான் வருகிறது. வங்கியின் ஓ.டி.பி.யும் அப்படியே. சிங்கார சென்னை அட்டை மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் செல்லும். அதற்குப் போனே தேவையில்லை. காலையில் காபி ஆறுவதற்குள் நாளிதழையும் கேட்க வேண்டிய உரைகளையும் வைஃபையில் இறக்கிவைத்துக்கொண்டு, திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் கடற்கரை வரை எனக்கு வேறொன்றும் வேண்டியிருப்பதில்லை. தெருவில் நடக்கும்போது இணையம் வேண்டும் என்பது பெரும்பாலோர்க்குப் பழக்கம். தேவை என்று நாமாகப் பெயர் வைத்துவிட்டோம்.

பெரம்பூர் ரீசார்ஜ் கடை:

ஐயா சொல்வது சரியான விவரம்தான்; கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம். அந்த ஜனவரியில் முதலில் வைத்த விலையைக் குறைத்தபின், 84 நாளுக்கான அழைப்பு பேக் ஜியோவில் 448 ரூபாய், ஏர்டெல்லில் 469 ரூபாய். அதே 84 நாளுக்கு நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. டேட்டாவுடன் எடுத்தால் அப்போது ஜியோவில் 799, ஏர்டெல்லில் 859. வித்தியாசம் முறையே 351, 390 ரூபாய். நாளுக்குப் பிரித்தால் நாலு ரூபாய்ச் சொச்சம். இந்த ஊரில் அரை டீ கூட அந்த விலைக்குக் கிடைக்காது. இதற்காகவா இத்தனை ஏற்பாடு?

கடையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எழுபது வயதிருக்கும் பெரியவர் ஒருவர், "நெட்டெல்லாம் வேண்டாம்ப்பா, பேசினால் போதும்" என்று உறுதியாகச் சொல்லி அழைப்பு பேக் போட்டுக்கொண்டு போனார். இரண்டாம் நாள் சாயங்காலம் திரும்பி வந்து, போனை மேசைமேல் வைத்துவிட்டு, வெளியூரிலுள்ள பேரனின் முகம் வரவில்லை என்றார். அவருக்கு அது நெட் என்றே தெரியாது. பேரன் பேசுகிறான், அவ்வளவுதான். நான் மேலே ஒரு டேட்டா கூப்பன் போட்டு அனுப்பினேன். எத்தனை பேருக்குத் தாங்கள் எதை வேண்டாம் என்கிறார்கள் என்பது தெரிந்திருக்கிறது?

வியாசர்பாடி இருசக்கரம்:

ஐயா, ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டு ஃபைபருக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள்? 399 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 470 ரூபாய் 82 காசு ஆகிறது. கடைக்காரர் சொன்ன 84 நாள் அழைப்பு பேக்கின் விலை ஏறக்குறைய அது. ஆக, டேட்டாவுக்குப் பணம் கட்டாமல் இருப்பவர் அல்லர் நீங்கள். தெருக்குழாயில் பிடிக்காமல் வீட்டுக்குள் இணைப்பு வாங்கி வைத்திருப்பவர். தலைப்பில் இதையும் எழுதியிருந்தால் நான் பேசாமல் கடந்து போயிருப்பேன்.

என் வீட்டில் ஒரே அறை, நான்கு பேர். வைஃபை பெட்டி வைக்க இடமில்லை என்பதைவிட, மாதாமாதம் தனியாக ஒரு பில் கட்ட வழியில்லை என்பதுதான் உண்மை. என் போனின் ஹாட்ஸ்பாட்தான் அந்த வீட்டின் இணையம். பகலில் அந்தப் போனுடன் நான் உணவு கொண்டு சேர்க்கப் போய்விடுவேன்; இரவு பத்தரைக்கு மேல் நான் வீடு திரும்பிய பிறகுதான் என் மகள் பள்ளிக் குழுவில் வந்த வீட்டுப்பாடத்தைப் பார்ப்பாள். மிச்சமிருக்கும் டேட்டாவைப் பொறுத்துத்தான் அவளுக்கு அன்றைய காணொளி. எனக்கு டேட்டா இல்லையென்றால் ஆர்டர் வராது. ஆர்டர் வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. பழக்கம், தேவை என்று பிரித்துப் பார்ப்பதற்கு முதலில் கையில் இரண்டு இணைப்பு இருக்க வேண்டும்.

மயிலைப் பிழைதிருத்துநர்:

தம்பி சொல்வது தைக்கிறது. தலைப்பில் குறை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாற்பது ஆண்டு பிறர் எழுத்தில் பிழை பார்த்தவனுக்குத் தன் தலைப்பு கண்ணில் படவில்லை. உங்களைப் போல் போனே பட்டறையாக இருப்பவர்களுக்கு என் யோசனை பொருந்தாது.

ஆனாலும் வீட்டில் இணைப்பு இருந்தும் ஆளுக்கு ஒரு டேட்டா பேக் போடும் குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு ஃபைபர், அதோடு நான்கு 1.5 ஜி.பி. பேக். வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகாத பாட்டியின் போனிலும் அன்றாடம் 1.5 ஜி.பி. நள்ளிரவில் காலாவதியாகிறது. நான் கேட்பது அந்தப் பாட்டியின் பணத்தைப் பற்றி.

அவசரத்துக்கு வெளியே இணையம் வேண்டுமென்றால் ரயில் நிலையங்களில் ரயில்டெல் நிறுவனத்தின் ரயில்வயர் வைஃபை இருக்கிறது. நாளொன்றுக்கு முதல் 30 நிமிடம் இலவசம். எண்ணைக் கொடுத்தால் எஸ்.எம்.எஸ்.ஸில் ஓ.டி.பி. வரும். சென்ட்ரலில் வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் மின்னஞ்சல் பார்க்க அது தாராளம்.

அலைவரிசை:

இரு தரப்பிலும் சேராமல் இரண்டு தவறான எண்ணங்களை மட்டும் திருத்திவிட்டுப் போகிறேன். இவற்றால்தான் பலர் தேவையில்லாமல் டேட்டாவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

முதலாவது, "மொபைல் டேட்டாவை அணைத்தால் 4ஜி எண்ணுக்கு அழைப்பு வராது" என்பது. 4ஜி வலையமைப்பில் குரலும் இணையத் தரவைப் போலவே சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகிறது என்பது உண்மை. ஆனால் வோல்ட்இ (VoLTE) எனப்படும் இந்த 4ஜி அழைப்புக்கென்று நிறுவனம் தனிப் பாதை வைத்திருக்கிறது. திரையில் நாம் அணைக்கும் பொத்தான் இணையப் பாதையை மட்டுமே மூடும். வீட்டுக்குள் சிக்னல் இல்லாதவர்கள் வைஃபை காலிங்கை இயக்கிக்கொண்டால், அதே எண்ணில் வைஃபை வழியாகவே பேசலாம்.

இரண்டாவது, "டேட்டா இல்லாமல் ஜி.பி.எஸ். வேலை செய்யாது" என்பது. செயற்கைக்கோள் அனுப்புகிறது, போன் வாங்கிக் கணக்குப் போடுகிறது. நம் பக்கமிருந்து எதுவும் போவதில்லை. டேட்டா இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரம் இணையத்தில் சட்டென்று கிடைத்துவிடும். இல்லையென்றால் அதைச் செயற்கைக்கோளிடமிருந்தே வாங்க வேண்டும். திறந்த வானத்தின் கீழ் ஒரு செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை விவரம் வந்து சேர 30 வினாடி ஆகும். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராய அட்டவணையும் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம். ரங்கநாதன் தெருவில் கட்டடங்களுக்கு நடுவே நின்றுகொண்டு "சுற்றுகிறது, சுற்றுகிறது" என்று போனைத் திட்டுபவர்கள் உஸ்மான் சாலைப் பக்கம் சற்று நகர்ந்து நின்றால் போதும்.

வரைபடத்தை முன்பே இறக்கிவைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கூகுள் மேப்ஸில் இறக்கிவைத்த பகுதிக்கு வண்டி ஓட்டும் வழி மட்டும் கிடைக்கும். நடைவழியும் பேருந்து வழியும் இணையம் இல்லாமல் வராது. நடப்பவர்களுக்கு ஓஸ்ம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் பொருத்தம்.

மேடவாக்கம் இரவுப்பணி:

வரைபடம் என்றதும் சிரிப்பு வந்தது. மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு மூன்று வழித்தடத்திலும் வேலை நடக்கிறது. நேற்றைக்கு இருவழியாக இருந்த தெரு இன்றைக்கு ஒருவழி. வைஃபையில் போன வாரம் இறக்கிவைத்த வரைபடத்துக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஐயாவின் மயிலாப்பூரிலேயே லஸ் பக்கம் எத்தனை திருப்பிவிடல்! நடந்து போகிறவருக்கு அது உறைக்காது. ஸ்கூட்டரில் போகிறவளுக்கு உறைக்கும்.

பணம் செலுத்துவதை ஒருவரும் தொடவே இல்லை. ஒரு நாள் டேட்டா தீர்ந்துவிட்ட நிலையில் காய்கறிக் கடையில் நின்றேன். கையில் நோட்டு இல்லை. *99# என்று அடித்தால் இணையம் இல்லாமலே பணம் அனுப்பலாம் என்று படித்த நினைவு வர, அடித்தேன். கடைக்காரர் மாட்டியிருக்கும் கியூஆர் அட்டை இதற்கு உதவாது. அவருடைய போன் எண்ணைக் கேட்டு ஒவ்வொன்றாக எண்ணைத் தட்ட வேண்டும். பட்டியல் வந்தது, பதில் தட்டினேன், அடுத்த பட்டியல் வந்தது, தொகை தட்டினேன். ரகசிய எண்ணைப் போடும் இடத்தில் நேரம் கடந்து திரை மூடிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து. பின்னால் நின்ற அம்மாள் தன் கொத்தமல்லிக் கட்டை என் தோளுக்கு மேலாக நீட்டிக் கணக்குப் போடச் சொன்னார். முடிவில் கடைக்காரரே, "நாளைக்குக் கொடும்மா" என்று அனுப்பிவைத்தார். 42 ரூபாய்.

இவையெல்லாம் சின்ன விஷயம். சிறுசேரியில் இரவு பதினொன்றரைக்குப் பணி முடிந்து வண்டியில் ஏறினால், நான் எந்த இடத்தில் வருகிறேன் என்பதை என் அம்மா வரைபடத்தில் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் புள்ளி வீடு வந்து சேரும் வரை அவர் படுக்கமாட்டார். அதற்கு டேட்டா வேண்டும். மேலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போது எங்கள் பகுதியில் மின்சாரம் போனதும் வீட்டு வைஃபை முதலில் செத்தது. மறுநாள் மாலை டவரும் ஓயும் வரை, எங்களுக்கு வெளி உலகம் மொபைல் டேட்டாவில்தான் இருந்தது. வீட்டு ஃபைபரை நம்பி இருக்கும் ஐயா அன்று என்ன செய்தார்?

மயிலைப் பிழைதிருத்துநர்:

அன்று எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, இணைப்பும் தப்பியது. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு பெருமை அதில் இல்லை. அப்போது என்னிடம் டேட்டா பேக்கும் இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

*99# விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. நானும் ஒருமுறை முயன்றுவிட்டு, அன்றிலிருந்து சட்டைப்பையில் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை வைத்துக்கொள்கிறேன். இரவில் வீடு திரும்பும் பெண்ணின் தாய்க்கு அந்தப் புள்ளி என்ன என்பதும் எனக்குப் புரிகிறது; அதற்கு எதிராக வாதம் செய்வது அழகல்ல.

ஆனால் இங்கே பேசிய ஒவ்வொருவரும் தமக்கு டேட்டா ஏன் வேண்டும் என்பதைத்தான் நிறுவியிருக்கிறீர்கள், மற்றவர்க்கு ஏன் வேண்டும் என்பதை அல்ல. ரீசார்ஜ் கடை நண்பர் நாலு ரூபாய் என்கிறார். நாலு ரூபாய் வீதம் ஆண்டுக்குச் சுமார் ஆயிரத்து ஐந்நூறு. ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது ஒரு மாதத்து மருந்து. அந்தப் பெரியவருக்குப் பேரனின் முகம் தெரியத் தினமும் 1.5 ஜி.பி. வேண்டுமா, வாரம் ஒரு கூப்பன் போதுமா என்று நீங்கள் கேட்டீர்களா? கடைசியில் நீங்கள் போட்டு அனுப்பியதும் கூப்பன்தானே.

பெரம்பூர் ரீசார்ஜ் கடை:

அது உண்மைதான், கூப்பன்தான் போட்டேன். இப்போது அவர் ஞாயிறுதோறும் வருகிறார்.

மேடவாக்கம் இரவுப்பணி:

கடைக்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும். அம்மாவிடம் இரண்டு சிம் இருக்கிறது. என்னைக் கண்காணிக்கும் சிம்முக்கு டேட்டா இருக்கட்டும். பழைய எண்ணில் அவர் யாரிடமும் பேசுவதுகூட இல்லை. அதற்கும் நான் டேட்டா பேக்தான் போட்டுவந்திருக்கிறேன் என்பது இதைப் படித்தபோதுதான் உறைத்தது. அதை அப்படியே விட்டுவிடலாமா?

பெரம்பூர் ரீசார்ஜ் கடை:

விட வேண்டாம், அம்மா. 90 நாள் வரை அழைப்பு, எஸ்.எம்.எஸ்., டேட்டா எதுவும் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ மீதம் இருந்தால் அதில் 20 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மேலும் 30 நாள் வைத்திருப்பார்கள். இது டிராய் விதி. ஆனால் பேக் முடிந்தபின் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் தொடர்ந்து வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த எண் வங்கிக் கணக்கிலும் கேஸ் புத்தகத்திலும் பதிவாகியிருக்கிறதா என்று அம்மாவிடம் முதலில் கேளுங்கள். இருந்தால், அதற்குத்தான் ஐயா சொல்லும் அழைப்பு பேக். இல்லையென்றால், வேறு பதிவு ஏதும் இருந்தால் அதை மற்ற எண்ணுக்கு மாற்றிவிட்டு அந்தச் சிம்மை நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்; துண்டித்த எண்ணைப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், ஓ.டி.பி. அவருக்குப் போகும்.