தங்கை விஸ்காம் படிக்க விரும்புகிறாள்: சேர்ப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி: கொருக்குப்பேட்டையிலிருந்து ஓர் அண்ணன்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை அரசுப் பள்ளியில் வணிகவியல் பிரிவு எடுத்து, தமிழ்வழியில் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பி.காம். சேர்ந்துவிடுவாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அவளோ விஸ்காம் அல்லது இதழியல்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், நான் மணலியில் வேலை பார்க்கிறேன். இந்தத் துறையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் உறவினரில் ஒருவர்கூட இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இது திடீரென்று வந்த ஆசை அன்று. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எங்கள் பகுதியைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளை வெட்டி ஒரு நீள நோட்டில் ஒட்டி வருகிறாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் ஏதாவது எழுதியிருப்பாள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வந்த ஒரு செய்தியின் பக்கத்தில், "எங்கள் தெருப் பெயர் தவறு. தண்ணீர் வடிந்துவிட்டது என்கிறார்கள், இன்னும் முழங்கால் அளவு நிற்கிறது" என்று எழுதியிருப்பதைப் பார்த்தபோது எனக்கே மனம் கனத்துவிட்டது. அந்த நோட்டைப் பார்த்த பிறகு அவளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விவரம் தெரியாமல் சேர்த்துவிட்டு மூன்று ஆண்டுகளையும் பணத்தையும் வீணாக்கிவிடக் கூடாது என்ற அச்சமும் இருக்கிறது.

விஸ்காம், இதழியல், மாஸ் கம்யூனிகேஷன் என்று பல பெயர்களில் இருக்கும் இந்தப் படிப்புகளுக்குள் என்ன வேறுபாடு? தமிழ்வழியில் படித்தவள் தாக்குப்பிடிப்பாளா? கேமராவும் மடிக்கணினியும் உடனே வாங்கியாக வேண்டுமா? படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? படப்பிடிப்பு என்று இரவு நேரங்களில் வெளியே இருக்க வேண்டி வருமோ என்பது அம்மாவின் கவலை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: பெரம்பூர், கல்லூரி ஆசிரியை

தம்பி, தொடர்பியல் துறையில் பதினெட்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். உங்கள் தங்கை அந்த நோட்டில் செய்துகொண்டிருப்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அதில் என்ன இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது, யாருடைய சொல் வந்திருக்கிறது, யாருடையது வரவில்லை என்று பார்ப்பதற்கு எங்கள் துறையில் உள்ளடக்கப் பகுப்பாய்வு என்று பெயர். இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு மாணவர்களை இதில் பழக்குவதற்கு எனக்குப் பல வாரங்கள் ஆகும். அதை அவள் யாரும் சொல்லித்தராமல் தொடங்கியிருக்கிறாள்.

விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் பெரும்பாலும் பி.எஸ்சி. பட்டமாகத் தரப்படுகிறது. ஆனாலும் பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் சேரலாம், வணிகவியல் ஒரு தடையன்று. வரைதல், ஒளிப்படம், வரைகலை வடிவமைப்பு, விளம்பரம், ஒலிப்பதிவு, தொலைக்காட்சி நிகழ்ச்சித் தயாரிப்பு, படத்தொகுப்பு ஆகியவற்றுடன் தொடர்பியல் கோட்பாடுகளும் அதில் உண்டு. இதழியல் பெரும்பாலும் பி.ஏ. பட்டம், செய்தி சேகரித்தல், செப்பனிடுதல், இதழியல் வரலாறு, ஊடகச் சட்டம் ஆகியவை அங்கே கூடுதல் அழுத்தம் பெறும். மாஸ் கம்யூனிகேஷன் என்ற பெயரில் வருவது கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. ஆகவே பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், ஆறு பருவங்களின் பாடத்திட்டத்தையும் வரவழைத்து, எந்தப் பருவத்தில் எந்தத் தாள், அதில் எழுத்துத் தேர்வு எவ்வளவு, செய்முறை எவ்வளவு என்று அவளோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். திரைப்படத் தொழில்நுட்பம் மட்டுமே வேண்டும் என்பவர்களுக்குத் தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் தங்கையின் நாட்டம் அதுவன்று.

கேமரா மீதுள்ள ஆசையால் மட்டும் வரும் பிள்ளைகள் முதல் பருவத்திலேயே சோர்ந்துபோவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கோட்பாட்டுத் தாளைச் சுமையாக நினைத்து மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். யார், என்ன சொல்கிறார், எந்த ஊடகத்தின் வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு என்று அமெரிக்க அறிஞர் ஹரால்ட் லாஸ்வெல் 1948இல் முன்வைத்த கேள்வி கேட்பதற்கு எளிமையாக இருக்கும். அதை எங்கே பொருத்திப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிவந்தார்களே, அந்த இரவை நான் வகுப்பில் எடுத்துக்கொள்வேன். முதலில் எச்சரித்தவர் யார்? கதவைத் தட்டிய பக்கத்து வீட்டுக்காரரா, கைப்பேசிக் குரல்பதிவா, தொலைக்காட்சியா? அதிகாரபூர்வமான தகவல் வந்து சேர்வதற்குள் எத்தனை பேர் வீட்டைவிட்டு வெளியேறியிருந்தார்கள்? இப்படிக் கேட்கத் தொடங்கியதும் அந்தச் சூத்திரத்தின் ஐந்து பகுதிகளும் பிள்ளைகளுக்குத் தாமாகவே விளங்கிவிடும்.

அதேபோல், 1968ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலின்போது மெக்கோம்ஸ், ஷா என்ற இரு ஆய்வாளர்கள் சேப்பல் ஹில் ஊரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் எந்தப் பிரச்சினை முக்கியம் என்று கேட்டு, அந்த வரிசையை ஊடகங்கள் முக்கியத்துவம் கொடுத்த வரிசையோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் பெருமளவு ஒத்திருந்தன. 1972இல் வெளியான அந்த ஆய்விலிருந்துதான், எது முக்கியம் என்று மக்கள் நினைப்பதை ஊடகங்கள் கொடுக்கும் முக்கியத்துவம் வடிவமைக்கிறது என்னும் நிகழ்ச்சிநிரல் அமைத்தல் கோட்பாடு வந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்த செய்தி எத்தனை நாள் முதல் பக்கத்தில் இருந்தது, எப்போது உள்பக்கத்துக்குப் போனது என்று எண்ணிப் பார்க்கும் ஒரு மாணவிக்கு அந்தக் கோட்பாட்டை இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை.

சேர்வதற்கு முன் கல்லூரிக்கு நேரில் போய், ஒரு வகுப்புக்கு எத்தனை கேமரா, தொகுப்புக் கணினிகள் எத்தனை, மாணவர் இதழ் வருகிறதா, வளாக வானொலி உண்டா என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004இல் தொடங்கிய அண்ணா எஃப்.எம். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. அதைப் போன்ற ஒரு களம் கல்லூரிக்குள்ளேயே இருந்தால், எழுதியதை மறுநாளே குரலில் கேட்டுத் திருத்திக்கொள்ள முடியும். விஸ்காம் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில் நடப்பதால் கட்டணம் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆய்வகக் கட்டணம், படப்பிடிப்புச் செலவு உட்பட மூன்று ஆண்டுக்கும் மொத்தம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில்: ராயபுரம், நாளிதழ் ஒன்றின் உதவி ஆசிரியர்

நானும் விஸ்காம் படித்தவன்தான். ஆசிரியை அம்மா விரிவாக எழுதிவிட்டார்கள், நான் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் ஒளிப்படத் தாளுக்காகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலை நான்கு மணிக்குப் போனேன். ஏலம் நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் விளக்கொளியில் எடுத்த படங்களில் எல்லா மீனும் ஒரே நிறமாகத் தெரிந்தது. விளக்கொளிக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை மாற்றி, கூடுதல் ஒளி விழும்படி ஷட்டர் வேகத்தைக் குறைத்து, ஐஸ் பெட்டியின்மேல் கேமராவை ஊன்றி எடுத்த பிறகுதான் வஞ்சிரத்தின் வெள்ளிப் பளபளப்பு வந்தது. அன்று நான் கற்ற முக்கியமான பாடம் அதுவன்று. கூடையருகே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவை மிக அருகில் படமெடுத்துவிட்டு நகர்ந்தேன். அவர் என்னைக் கூப்பிட்டு, "என் படத்தை எடுத்துட்டுப் போறியே, நான் யாருன்னு கேட்டியா?" என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெயர், ஊர், எத்தனை ஆண்டுகளாகக் கூடை சுமக்கிறார் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். அந்தப் படத்தின்கீழ் நான் எழுதிய நான்கு வரிக்குத்தான் ஆசிரியர் அதிக மதிப்பெண் கொடுத்தார்.

இறுதியாண்டில் ஒரு வருத்தமும் நேர்ந்தது. எங்கள் தெருவில் கருவாடு காயவைக்கும் குடும்பத்தைப் பற்றிக் குறும்பட முன்வரைவு ஒன்றைக் கொடுத்தேன். மதிப்பிட வந்தவர், வடசென்னைக் கதை என்கிறீர்கள், இதில் ஒரு சண்டைகூட இல்லையே என்றார். அன்றிரவு நான் தூங்கவில்லை. மறுவாரம், ஊடகப் பிரதிநிதித்துவம் என்ற தாளில் படித்ததை வைத்து, ஒரு பகுதியை ஒரே விதமாகத் திரும்பத் திரும்பக் காட்டுவது அங்கு வாழ்பவர் வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் அலையும்போது எப்படி வந்து நிற்கிறது என்று மூன்று பக்கம் எழுதி இணைத்தேன். முன்வரைவு ஏற்கப்பட்டது. அந்தத் தாளைப் படித்திருக்காவிட்டால் கோபப்பட்டிருப்பேனே தவிர, அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

நம் பகுதிக்கு இதழியல் புதிதன்று என்பதையும் தங்கையிடம் சொல்லுங்கள். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது அதில் முன்னின்று உழைத்த திரு.வி.க., அப்போது தேசபக்தன் நாளிதழின் ஆசிரியராகவும் இருந்தார். பட்டாளத்திலும் புளியந்தோப்பிலும் வாழ்ந்த ஆலைத் தொழிலாளருக்காகத் தமிழில் பேசியவரே தலையங்கமும் எழுதினார்.

வேலையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், செய்தி மேசையில் இரவுப் பணியும் உண்டு. ஆனால் நாளிதழ், தொலைக்காட்சி மட்டுமே வாசல்கள் என்றிருந்த காலம் போய்விட்டது. இணையச் செய்தித் தளங்கள், விளம்பர நிறுவனங்கள், வசன வரி எழுதும் நிறுவனங்கள், மருத்துவமனைகளின் மக்கள் தொடர்புப் பிரிவுகள், தொண்டு நிறுவனங்கள் என்று பிழையில்லாத தமிழை விரைவாக எழுதத் தெரிந்தவரைத் தேடுகிறார்கள். என் மேசைக்கு வரும் புதியவர்களில் பலருக்கு ஒற்று மிகும் இடம் தெரிவதில்லை. ஆகவே தமிழ்வழியில் படித்ததைக் குறையாக நினைக்க வேண்டாம். தமிழ்99 விசைப்பலகையில் பார்க்காமல் தட்டச்சு செய்ய இந்த விடுமுறையிலேயே பழகிக்கொள்ளட்டும்.

சட்டத் தாளைக் கவனமாகப் படிக்கச் சொல்லுங்கள். பாலியல் குற்றத்துக்கு உள்ளான குழந்தையின் பெயரையோ, பள்ளியையோ, அடையாளம் தெரியும் வேறு எதையுமோ வெளியிடக் கூடாது என்கிறது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு. இது தெரியாமல் ஒரு வரி எழுதிவிட்டால், அந்தக் குழந்தைக்கு நேரும் தீங்கை மறுநாள் போடும் திருத்தத்தால் போக்க முடியாது.

பதில்: தண்டையார்பேட்டை, இரண்டாம் ஆண்டு மாணவி

அண்ணா, நானும் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள்தான். செலவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதைத்தான் எங்கள் வீட்டிலும் முதலில் கேட்டார்கள்.

முதலாண்டில் கேமரா வாங்கவே வேண்டாம். துறையில் குழுவுக்கு ஒன்று என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள், மெமரி கார்டு மட்டும் சொந்தமாக வைத்திருந்தால் போதும். கைப்பேசி கேமராவிலேயே புரோ முறையில் ஷட்டரையும், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வையும் கையால் மாற்றிப் பழகலாம், நான் அப்படித்தான் கற்றேன். எங்கள் கல்லூரியில் படத்தொகுப்புத் தாள் மூன்றாம் பருவத்தில்தான் வருகிறது, அதுவரை மடிக்கணினி இல்லாமல் ஆய்வகத்திலேயே சமாளித்தேன். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே எங்கள் தேவைக்குத் தாராளமாகப் போதுகிறது.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். சேர்ந்தவுடன் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால் போக்குவரத்துச் செலவு எனக்கு அநேகமாக இல்லை. மழைநாளில் மட்டும் மெட்ரோவில் வருவேன்.

ஆங்கிலம் எனக்கும் முதல் பருவத்தில் மிகவும் கடினமாக இருந்தது. தினமும் ஒரே செய்தியை ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் படித்து, புரியாத சொற்களைத் தனியாக எழுதி வைத்தேன். மூன்றாம் பருவத்துக்குள் பயம் போய்விட்டது.

அம்மாவிடம் சொல்லுங்கள்: எங்கள் துறையில் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு முன்கூட்டியே கடிதம் வேண்டும், மாணவிகள் குழுவாகத்தான் போவோம், மாலைக்குள் திரும்பிவிடுவோம். ஒரு முறை என் அம்மாவே காசிமேட்டுக்கு உடன் வந்து, ஒளியைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் பலகையைப் பிடித்து நின்றார். சேரும் கல்லூரியிலும் இந்த ஒழுங்கு இருக்கிறதா என்று அம்மாவையே நேரில் கேட்கச் சொல்லுங்கள்.

சேர்க்கை நேர்காணலுக்கு அந்த நோட்டைக் கட்டாயம் எடுத்துப்போகட்டும். ஒவ்வொரு வெட்டுத்துணுக்கின்கீழும் நாளிதழின் பெயரும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் நேர்காணலில் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. டீச்சர் எழுதியதை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மோனியா கசிந்த அந்த இரவில் அவர் எண்ணூர் விரைவுச் சாலையில் லாரியோடு நின்றிருக்கிறார். யார் முதலில் சொன்னார்கள் என்ற கேள்விக்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது, இதுவரை நாங்கள் யாருமே அவரைக் கேட்டதில்லை. தங்கை அதை எழுதி வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு இரண்டு கல்லூரிகளுக்குப் போகிறோம். நோட்டில் பதினொரு துணுக்குகளுக்குத் தேதி இல்லை, அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க அவள் இப்போது நூலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள்.