காற்றாடி சுற்றுகிறது, ஆம்பியர் ஏறவில்லை: உங்களுக்கு நடந்ததுண்டா?

மன்னவனூரிலிருந்து:

காட்டுமாடு தொல்லைக்காகப் பூண்டுக் காட்டைச் சுற்றிச் சோலார் வேலி போட்டிருக்கிறேன். ஆனி, ஆடியில் நாலு நாள் சேர்ந்தாற்போல மஞ்சு மூடினால் பேனல் தூங்கிவிடும், வேலியும் செத்துப்போகும். அதே மாதங்களில்தான் காற்று ஆளைத் தள்ளும். சரி, அதையே பிடிப்போம் என்று காற்றாடி செய்தேன். பைன் பலகையில் செதுக்கிய மூன்று இறக்கை, விட்டம் 1.8 மீட்டர். இறக்கையோடு சுற்றும் இரண்டு தட்டிலும் 12, 12 காந்தம், நடுவே அசையாமல் நிற்கும், ரெசினில் வார்த்த காயில் (கம்பிச் சுருள்). கம்பத்தடியில் காயிலின் ஏசியை டிசியாக்கும் டையோடு பிரிட்ஜ், அப்புறம் 12 வோல்ட் பேட்டரி.

லேசான காற்றிலேயே 1.5 ஆம்பியர் வந்தது. ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். ஆடி பிறந்து காற்று பிய்த்துக்கொண்டு அடித்தபோது மீட்டர் 5 ஆம்பியரில் உட்கார்ந்துகொண்டது. சத்தமும் சரியில்லை. விசில் மாதிரி சீறவேண்டிய இறக்கை, ஈரச் சாக்கை உதறுவதுபோல் மொத்தையாகக் குமுறியது. காயிலைச் சந்தேகப்பட்டேன், டையோடை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை.

ஆம்பியரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததுதான் தப்பு. மச்சான் மூங்கில் கழியில் காற்றுமானியைக் கட்டித் தூக்கிப் பிடிக்க, நான் சுற்றையும் ஆம்பியரையும் அதே நொடியில் குறித்தேன். சுற்றை எண்ணத் தனிக் கருவி வேண்டாம். மல்டிமீட்டரை ஹெர்ட்ஸில் வைத்து, காயிலிலிருந்து பிரிட்ஜுக்கு வரும் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டைத் தொட்டால் போதும். ஒரு தட்டில் 12 காந்தம் என்றால் ஹெர்ட்ஸைப் பத்தால் பெருக்கினால் நிமிடச் சுற்று.

காற்று நொடிக்கு 4 மீட்டர்: 18 ஹெர்ட்ஸ், அதாவது 180 சுற்று. 8 மீட்டர்: 24 ஹெர்ட்ஸ், அவ்வளவுதான். காற்று இரட்டிப்பானால் அதில் வரும் சக்தி எட்டு மடங்கு, என் காற்றாடியோ கூட 60 சுற்றுதான் சுற்றியது. 240 சுற்றில் இறக்கை முனையின் வேகம் நொடிக்கு 22.6 மீட்டர், காற்றைப்போல் மூன்று மடங்குகூட இல்லை. இந்த மாதிரி இறக்கைக்கு ஐந்தாறு மடங்கு வேண்டும். பேட்டரி வோல்டேஜைப் பிடித்து வைக்கிறது, காந்தம் பலமாக இருப்பதால் குறைந்த சுற்றிலேயே சுமை ஏறுகிறது, இறக்கை திணறி நிற்கிறது.

மருந்து, 1.5 மில்லிமீட்டர் வாஷர். தட்டுகளைத் தாங்கும் ஒவ்வொரு போல்ட்டிலும் இரண்டு சேர்த்து, தட்டுகளுக்கு நடுவே இடைவெளியை 3 மில்லிமீட்டர் கூட்டினேன், காயிலில் காந்தப் பிடி தளர்ந்தது. முன்பு 170 சுற்றில் ஏறத் தொடங்கிய சார்ஜ் இப்போது 220-இல்தான் தொடங்குகிறது. காந்தத்தை விலக்கினால் கரண்ட் கூடும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். அதே 8 மீட்டர் காற்றில் 34 ஹெர்ட்ஸ், 11 ஆம்பியர், கிட்டத்தட்ட 150 வாட். சத்தமும் சீறலாக மாறிவிட்டது. மெல்லிய காற்றில் கிடைத்த கொஞ்சம் போயிற்று. போகட்டும், ஆடியில் அது யாருக்கு வேண்டும்?

கணக்குப் போடுபவர்களுக்கு ஒன்று. காற்றின் சக்திக்குச் சமவெளியில் போட்ட அட்டவணையை அப்படியே எடுக்காதீர்கள். கீழே ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ என்றால், 2000 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 1 கிலோதான். அந்தக் கணக்கில் என் வட்டத்துக்குள் வந்தது 650 வாட், பிடித்தது கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. எவ்வளவு நல்ல இறக்கையானாலும் 59.3 சதவீதத்தைத் தாண்ட முடியாது என்பது பெட்ஸ் கணக்கு.

கோத்தகிரியிலிருந்து:

அண்ணா, எனக்கு நேர்மாறு. தேயிலைக்கு நடுவே கம்பம், வீடு 40 மீட்டர் தள்ளி, 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். போக வர 80 மீட்டர். 10 ஆம்பியர் ஓடினால் ஒயரிலேயே 3.4 வோல்ட் போகிறது என்று கண்டுபிடித்து, காசைக் கொட்டி 16 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டேன். பலமான காற்றில் முன்பைவிடக் குறைவாக வந்தது! நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் புரிகிறது, பழைய ஒயரின் தடைதான் காற்றாடியைத் திணறாமல் ஓடவிட்டிருக்கிறது. இப்போது பழைய ஒயரில் பாதியை மறுபடி சேர்த்து வைத்திருக்கிறேன். ஒயர் விற்றவரிடம் சொல்லவில்லை. நாளைக்கு வாஷர் வாங்கப் போகிறேன்.

ஊட்டி பக்கத்திலிருந்து:

மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகி லைனுக்கு நடுவில் போட்டு அளக்காதீர்கள். நான் போட்டேன். ஒரு பெருங்காற்று வந்தது, மீட்டருக்குள் பியூஸ் போனது, சுமை அறுந்த காற்றாடி தறிகெட்டுச் சுற்றியது. தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சத்தம். ஓர் இறக்கை முனை கேரட் பாத்தியில் போய்க் குத்தி நின்றது, பக்கத்தில் ஆள் இல்லாதது புண்ணியம். இப்போது லைனில் நிரந்தரமாக ஒரு ஷன்ட், அதாவது கரண்டை அளக்க வைக்கும் மிகச் சிறிய தடை; 50 ஆம்பியர் ஓடினால் அதன் இரு முனைக்கு நடுவே 75 மில்லிவோல்ட். 15 மில்லிவோல்ட் காட்டினால் 10 ஆம்பியர். மூன்று ஒயரையும் ஒன்றாகச் சேர்த்துக் காற்றாடியை நிறுத்தும் சுவிட்சும் உண்டு, காற்று தணியும் நேரம் பார்த்துத்தான் போடுவேன். முழு வேகத்தில் போட்டால் காயில் கருகலாம்.

கூக்கலிலிருந்து:

அண்ணே, ஒயரை வெட்டாமல் வெளியே கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பேட்டரி ஒயரைக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டுகிறது. காற்றாடி சுற்றுகிறது, வோல்டேஜும் ஏறுகிறது. மீட்டர் போச்சா?

மன்னவனூரிலிருந்து:

மீட்டர் நன்றாகத்தான் இருக்கும் தம்பி. விலை குறைந்த கிளாம்ப் ஏசியை மட்டும்தான் அளக்கும். பிரிட்ஜுக்கு முன்னால் மூன்றில் ஒரே ஒரு ஒயரைக் கவ்விப் பாருங்கள், மூன்றையும் சேர்த்துக் கவ்வினால் மறுபடி பூஜ்யம்தான். அதில் காட்டும் ஏசி ஆம்பியரைவிடப் பேட்டரிக்குப் போகும் டிசி கொஞ்சம் கூடுதல், சுமாராக 1.2 மடங்கு. ஹெர்ட்ஸையும் சேர்த்துக் குறித்துப் போடுங்கள், பார்க்கலாம்.